மார்பகச் சீழ்க்கட்டி: அறுவை மருத்துவர் பதிலளிக்கிறார்

குழந்தைக்கு ஆறு வாரம். மார்பில் 4 செ.மீ. சீழ்க்கட்டி. கீறித்தான் ஆக வேண்டுமா, டாக்டர்? (ஓசூர் வாசகி)

மேல்தோல் மெலிந்து கறுக்காமல் இருந்தால் முதலில் ஊசிதான், அம்மா. இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி தடித்த ஊசியால் சீழை உறிஞ்சி, உப்புநீரால் கழுவிவிடுவோம். முழு மயக்கம் வேண்டாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரண்டு மூன்று நாளில் மறுபடி ஸ்கேன். சீழ் ஊறியிருந்தால் மறுபடி ஊசி. இரண்டாவது ஊசி என்றதுமே வைத்தியம் தோற்றதாக எண்ணிக் கத்தியைத் தேடி ஓடாதீர்கள். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியில் மெல்லிய குழாய் வைத்துச் சில நாள் வடியவிடுவதும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். கீறினால் தழும்பு, தினசரிக் கட்டு, சிலருக்குப் புண் வழியே பால் கசிவு. எந்தக் கிருமி என்று அறியச் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிதான். ஆனால் வழக்கமான மருந்துக்கு மசியாத வகையும் அதில் உண்டு.

மாத்திரை மட்டும் போதாதா?

சீழ் கோத்த பிறகு போதாது.

கட்டியை நன்றாக அழுத்திப் பிசைந்தால் வடியுமா?

வடியாது, வீக்கம்தான் கூடும். பிசையாதீர்கள்.

பால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், சரிதானே?

சரியல்ல. திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கி நிலைமை மோசமாகும். குழந்தையின் வாய் சீழில் படாதவரை அந்தப் பக்கமும் கொடுக்கலாம்.

மாமியார் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார்.

வேண்டாம்.

பாட்டி வைத்தியம் என்றாலே உங்களுக்கு இளக்காரமா? (மதுரை வாசகர்)

இளக்காரம் இல்லை, ஐயா. மல்லிகை பால் சுரப்பைக் குறைக்கிறது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களே 1988இல் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள்; பால் வற்றக் கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டே பார்த்தார்கள். குழந்தையை இழந்த தாய்க்குப் பால் வற்றவேண்டும். அங்கே அது பொருந்தும். பசியோடு குழந்தை காத்திருக்கும்போது எதற்கு? பூ வேலை செய்கிறது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் பாலை நிறுத்திவிட்டுப் பூவைக் கட்டலாமா?

பாலை நிறுத்துவது பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

எனக்கு 43 வயது. பாலூட்டவில்லை. ஒரே இடத்தில் மூன்றாம் முறை கட்டி.

உங்கள் கதை வேறு. ஊசியால் வடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. புகைப்பழக்கம், சர்க்கரை நோய், காசநோய் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். திசுப் பரிசோதனை செய்து புற்றுநோய் இல்லை என்றும் உறுதிப்படுத்த வேண்டும். இந்த வாரமே அறுவை மருத்துவரைப் பாருங்கள். பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.