ஒலிக்காரன் பதில்கள்: நரைத்த தலையும் இறங்கிய சுருதியும்

கல்லடியில் நாற்பது வருடம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். போன இதழில், ஜேர்மனிக்கு மகளைப் பார்க்கப் போன இடத்தில் டெத் மெட்டல் என்ற, உறுமிப் பாடும் வேகமான ராக் இசைக் கச்சேரி ஒன்றுக்கும் போய்வந்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. கோயில் மைக் இரைவது பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழும்பில் படிக்கும் என் மகன் இரவெல்லாம் இந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறான். மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டை வேறு. வெளிநாட்டுப் பழைய குழுக்கள் வாசிக்கும் கச்சேரி ஒன்றைப் பார்க்கக் காசு சேர்க்கிறானாம். நீங்கள் நேரில் பார்த்தவர். நான் பயப்பட வேண்டுமா?
ஒரு தாய், ஆரையம்பதி

தங்கச்சி, நானும் பயந்துகொண்டுதான் போனேன். "மாமா, உங்களுக்கு சவுண்ட் எண்டால் உயிர்தானே, வாங்க" என்று மருமகன் இழுத்துக்கொண்டு போனார். ஸ்டுட்கார்ட்டில் பழைய தொழிற்சாலை மாதிரி ஒரு மண்டபம். வாசலில் கறுப்புச் சட்டைக்காரர் வரிசை. நான் முதலில் கண்டது நரையைத்தான். பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவர் முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். தகப்பனும் மகளுமாகவும் சிலர். ஒரு பிள்ளைக்குப் பதினைந்து வயது இருக்கும், தகப்பன் அதன் காதுக்குப் பெரிய மூடி ஒன்றை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய், சத்தத்தைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒலிக்காரன் போய் நிற்கும் இடம் அது. மேசையில் இருந்த பொடியன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு காதடைப்பான்களை எடுத்து நீட்டினான். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கிழவன் என்று நினைத்துவிட்டானே என்று. பிறகு பார்த்தால் அவன் காதிலும் அதுவே இருந்தது.

அன்று கடைசியாக வாசித்தது ஒபிச்சுவரி என்ற குழு. பெயரே மரண அறிவித்தல்தான். அண்ணன் தம்பி இருவர், ஒருவர் பாட்டு, மற்றவர் ட்ரம்ஸ். அவர்கள் தொடங்கியதும் மேடைக்கு முன்னால் சனம் விலகி ஒரு வட்டம் விழுந்தது. எங்கள் கூத்தின் வட்டக்களரி போலவே ஒரு வட்டம். ஆனால் உள்ளே ஆடியது பார்க்க வந்தவர்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சுற்றினார்கள். தடித்த மனிதர் ஒருவர் விழுந்தார். நாலைந்து கைகள் அவரைத் தூக்கி நிறுத்தின. நிமிர்ந்தவரை மறுபடி இடித்தார்கள்! அவரும் சிரித்துக்கொண்டே இடித்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பாட்டுகளில் பலவற்றின் வரிகள் வெட்டும் குத்தும் பிணமும்தான். கனிபல் கோர்ப்ஸ் என்ற குழு தனது முதல் மூன்று தொகுப்புகளின் பாட்டுகளை ஜேர்மனி மேடைகளில் 2006 வரை பாடவே முடியாமல் இருந்தது. ஆகவே நீங்கள் முகம் சுளித்தால் அதில் பிழையில்லை. உங்கள் மகன் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தால் என் பதில் வேறு. அவன் வளர்ந்த பிள்ளை. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அந்தச் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆலம் விழுது பின்னிக்கொண்ட மாதிரி இருக்கும், எங்களால் ஒரு எழுத்தும் வாசிக்க முடியாது. அவன் வாசித்துக் காட்டுவான். பிறகு அரை மணி நேரம் கதைப்பான், பாருங்கள். கொழும்பிலேயே ஸ்டிக்மாட்டா என்ற மெட்டல் குழு இருபது வருடத்துக்கு மேலாக வாசித்து வருகிறது. அவன் தனி ஆள் இல்லை.

கேள்வி: அப்படி உறுமினால் தொண்டை கிழிந்துவிடாதா? மைக்கில் ஏதாவது கருவி வைத்துச் செய்கிறார்களா?
வாசகர், கல்முனை

கருவி ஏதுமில்லை. மைக்கை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன், நாங்கள் பட்டிமன்றத்துக்கு வைக்கும் வகைதான். எங்கள் குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு இருக்கிறது. பொய்க் குரல்நாண் என்பார்கள். சாதாரணமாகப் பேசும்போது அதற்கு வேலையில்லை. உறுமுகிறவர்கள் வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி அந்த மடிப்பை அதிர விடுகிறார்கள். முறை தெரிந்தவருக்கு நோகாது. முறை தெரியாமல் தொண்டையை இறுக்கிக் கத்தினால் ஒரு கிழமைக்குப் பேச்சு வராது. நியூயோர்க்கில் இதைக் கற்பித்தே பிழைக்கும் குரல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார்.

வைகாசிச் சடங்கில் உருவேறிக் கட்டுச் சொல்பவரின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பகலில் மெல்லிய குரலில் "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்ற மனிதரா இது என்று இருக்கும். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அடியார்கள் கோபிக்க வேண்டாம். மனிதத் தொண்டைக்குள் நாங்கள் தினமும் எடுக்காத குரல்களும் கிடக்கின்றன என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: 1980களில் தொடங்கியவர்கள் இன்னும் அதே பாட்டை அடித்துக்கொண்டு திரிவது பணத்துக்கும் பழைய பெயருக்கும்தானே?
இளைஞர், களுவாஞ்சிகுடி

பணத்துக்கும்தான் தம்பி. பணமில்லாமல் எந்தக் குழுவின் பஸ் ஓடும்? மண்டப வாசலில் பாட்டுத்தட்டை விடச் சட்டைதான் விற்றது. மருமகனே இரண்டு வாங்கினார், மகள் ஒரு நாள் முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

ஆனால் இந்த இசைக்கு வயதே நாற்பதுதான் என்பதை யோசியுங்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பள்ளிக்கூடப் பொடியன்கள் பொசெஸ்ட் என்ற குழுவாகச் சேர்ந்து 1985இல் முதல் தொகுப்பைப் போட்டார்கள். புளோரிடாவில் சக் ஷுல்டினர் என்ற பதின்ம வயதுப் பொடியன் தொடங்கிய குழுவுக்குப் பெயரே டெத். அதன் முதல் தொகுப்பு 1987இல் வந்தது. பிறகு பிணக்கதையை விட்டுவிட்டு மனித மனத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார். 2001 டிசம்பரில், மூளையில் வந்த கட்டியால், 34 வயதில் போய்விட்டார். அவரோடு முன்பு வாசித்தவர்கள் இன்றும் கூடி அந்தப் பாட்டுகளை மேடையேற்றுகிறார்கள். இதைப் 'பழைய பெயர்' என்ற கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

புளோரிடாவின் டாம்பா நகரில் மொரிசவுண்ட் என்று ஒரு ஒலிப்பதிவுக்கூடம். 1989இல் வந்த மோர்பிட் ஏஞ்சல் என்ற குழுவின் முதல் தொகுப்பும், அதே வருடம் வந்த ஒபிச்சுவரியின் முதல் தொகுப்பும் அங்கே பதிவானவை. இவ்வளவு வேகமான அடியைச் சேறாக்காமல் நாடாவில் பிடிக்க அங்கிருந்த ஒலிப்பொறியாளர்களுக்குக் கைவந்தது. நான் இங்கே பறைமேளத்துக்கு மைக் வைத்துப் பட்ட பாட்டை நினைத்தால், அவர்களை எழுந்து கும்பிடலாம்.

சுவீடன்காரர் கதை வேறு. ஸ்டொக்ஹோமில் என்டூம்ட் என்ற குழு 1990இல் முதல் தொகுப்பைப் போட்டது. கிற்றாருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவில் காலால் மிதிக்கும் ஒரு சின்னப் பெட்டி, பொஸ் கம்பனியின் எச்.எம்.2. அதில் நாலு குமிழ். நாலையும் கடைசிவரை திருப்பிவிட்டார்கள்! என்னிடம் வேலை பழகிய பொடியன் எவனாவது அப்படிச் செய்திருந்தால் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும். மரம் அரியும் வாள் போல ஒரு சத்தம் வந்தது. அதுவே ஒரு நாட்டின் அடையாளமாகிவிட்டது. அந்தப் பெட்டியின் உற்பத்தி 1991இல் நின்றது. பழைய பெட்டிகளைத் தேடி அலைந்தார்கள் என்பதால் கம்பனி 2020இல் புதிதாகச் செய்து விற்றது.

இனி வயது. கிற்றாரின் ஆகத் தடித்த கம்பி சாதாரணமாக 82 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 82 தடவை, அதிரும். இவர்கள் அதை 73க்கு, சிலர் 62க்கும் இறக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கனத்துக்குக் கீழே ட்ரம்ஸ்காரர் இரண்டு காலாலும் இரண்டு மிதியை மாறி மாறி உதைக்க வேண்டும். கையும் சும்மா இல்லை. ஒரு மணி நேரம். எனக்கு முன்னால் நடந்தது அறுபதை நெருங்கும் மனிதரின் உழைப்பு. முன்னதாக வாசித்த சுவீடன் குழுவினர் தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசையை மிக்சர் மேசையிலிருந்தே என்னால் வாசிக்க முடிந்தது, அவ்வளவு பெரிய எழுத்து. கண்ணுக்கும் வயதாகிவிட்டது, பாவம்.

கூத்துப் பழக்கும் எழுபது வயது அண்ணாவியார் ஒருவர் விடியவிடிய மத்தளம் அடித்து, காலையில் விரல் வீங்கிப் போய் என் வாகனத்தில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். பணத்துக்குத்தானே அடிக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கும் தைரியம் உங்களுக்கு உண்டா தம்பி?

கேள்வி: ஒரு வார்த்தை விளங்காத பாட்டும் பாட்டா?
ஆசிரியை, அக்கரைப்பற்று

நாதஸ்வரத்தில் எத்தனை வார்த்தை விளங்கியது, ரீச்சர்?

கேள்வி: இவ்வளவு சத்தத்தில் நின்றால் காது கெடும் என்கிறார்கள். எவ்வளவு நேரம் நிற்கலாம்?
தாதிய மாணவி, செங்கலடி

இந்தக் கேள்விக்கு என் இடது காதே சாட்சி. மகள் அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டால் விளங்காது. வருடக்கணக்காக ஹோர்ன்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த பலன். காதடைப்பான் என்ற சாமானே அப்போது எனக்குத் தெரியாது.

கணக்கு இதுதான், மகள். சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் பாதியாக்குங்கள். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு. அப்படியே போனால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இப்படிப்பட்ட கச்சேரி 100ஐச் சாதாரணமாகத் தாண்டும். கால் மணி நேரத்துச் சத்தத்தின் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் மண்டபங்களுக்கு ஒரு வரையறை சொன்னது. காதடைப்பானைச் சரியாகச் சொருகினால் பதினைந்து, இருபது டெசிபல் குறையும். பஞ்சை உருட்டி வைப்பது உதவாது. ஆரையம்பதித் தங்கச்சி, மகனின் கச்சேரிக் காசோடு இதற்கும் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள்.

இன்னொன்று. எங்கள் திருவிழாக்களில் ஹோர்னுக்குக் கீழேயே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவர்கள் எத்தனை பேர்? அங்கே மட்டும் யாரும் டெசிபல் கேட்பதில்லை.

கேள்வி: அந்தக் கிழட்டுக் குழுக்களில் ஒன்றை மட்டக்களப்புக்குக் கூப்பிட்டால் நீங்கள் ஒலி அமைப்பீர்களா?
நண்பர்கள் நால்வர், கல்லடி

வாவிக் கரையில் மட்டும் மேடை போடாதீர்கள். இரவில் நீருக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் நிற்கும்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே வரும், அக்கரையில் படுத்திருப்பவன் காதில் போய் விழும். சின்ன வயதில் அக்கரைக் கூத்தின் சல்லரியைப் படுக்கையில் கிடந்து கேட்டவன் நான். இரட்டை மிதி ட்ரம்ஸ் அப்படிப் போனால் விடிவதற்குள் ஊர்ச்சனம் என் வீட்டு வாசலில் நிற்கும். கடற்கரைப் பக்கம் பாருங்கள், பெட்டிகளைக் கடலைப் பார்த்து வைக்கலாம். உப்புக்காற்றுக்கு வயர் முனையெல்லாம் கறுக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சுருதி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு மின்சாரமும் குடிக்கும், ஒரு ஜெனரேட்டர் காணாது, இரண்டு வேண்டும். மறுகா, அந்த இரண்டுக்கும் டீசல் யார் அடிப்பது என்று நால்வரும் கதைத்து முடிவெடுத்து எழுதுங்கள்.