காக்கா ஆழியும் ஆய்வுப் படிப்பும்

அன்புள்ள ஐயா,

காசிமேட்டில் இருக்கிறேன். பல்கலைக்கழகத் துறையில் எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிக் கிடக்கும் காக்கா ஆழி என்ற சிப்பியைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. சீனியர்களோ, "இதெல்லாம் பழைய விலங்கியல். ஜீன், புற்றுநோய் செல் என்று போனால்தான் மதிப்பு" என்கிறார்கள். வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

ஆழியையே எடுங்கள்.

அது தென்னமெரிக்கக் கரையோரத்துப் பிராணி. மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா என்று பெயர். ஓட்டின் நிறம் ஒன்றுக்கொன்று மாறும்; நம் பச்சை ஆழியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது சுலபம். சதையில் துளி எடுத்து, டி.என்.ஏ. பிரித்து, இனத்தை அடையாளம் காட்டும் சி.ஓ.ஐ. மரபணுவில் 650 எழுத்துகள் போல வாசித்து ஒப்பிட்டால்தான் சந்தேகம் தீரும். சீனியர்கள் சொல்லும் ஜீன் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் முக்கால்வாசி வேலை சேற்றில்தான். நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே இருப்பதை மொத்தமாக அள்ளிச் சல்லடையில் அலசி, ஒவ்வொரு ஆழியையும் வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். ஓடு கையைக் கிழிக்கும். ஆழி கெடாமல் இருக்கப் போட்டுவைக்கும் சாராய பாட்டிலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை கரைந்துபோனால் அந்த மாத உழைப்பே போச்சு.

இவை நூலிழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தரையைப் பாய் விரித்த மாதிரி மூடிவிடுகின்றன. இறாலுக்குப் புதையச் சேறு இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பிழைப்பில் நேராக விழும் அடி இது. ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலையாற்று வெள்ளம் வந்து உப்பு குறையும்போது எத்தனை சாகின்றன, மிஞ்சியவை எவ்வளவு சீக்கிரம் பெருகுகின்றன? மாதம் தவறாமல் போய் அளப்பவரால்தான் சொல்ல முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதே, அப்படி ஒன்று நடக்கும்போது முன்பே எடுத்த கணக்கு கையில் இருந்தால்தான் சேதம் இவ்வளவு என்று அடித்துப் பேசலாம். காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு பஸ்ஸில் போய்வரக்கூடிய உங்களை விட்டால் இதற்குப் பொருத்தமானவர் யார்?

சரி, வீட்டுக் கவலை. அதுவும் நியாயம்தான். கடைசி ஆண்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அந்தத் தொகையை அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். லைஃப் சயின்சஸ் தாளில் உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் நிறைய வரும். களத்தில்தானே இருக்கப்போகிறோம் என்று அவற்றைத் தள்ளிவைக்காதீர்கள்.

அப்புறம், ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு. தலைப்பைவிட இது பெரிது. அவரிடம் இப்போது ஆய்வு செய்கிறவர்களைக் கேன்டீனில் பிடித்து, களத்துக்குப் போக விடுகிறாரா, எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார், கட்டுரையில் மாணவர் பெயரை முதலில் போடுகிறாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு கைடு பாருங்கள்.