போன் சென்சாரை வைத்து ஒரு சாரதி எப்படி ஓட்டுவார் என்று கணிக்க முடியுமா? மட்டக்களப்பு வீதிகளுக்கு அது சரிவருமா?

முடியும். ஆனால் எத்தனை தடவை பிரேக் பிடித்தார் என்று எண்ணிப் புள்ளி போடும் முறை எங்கள் பக்கத்துக்குச் சரிவராது.

போனில் உள்ள முடுக்கமானி வேகம் கூடிக் குறைவதை அளக்கும், ஜைரோஸ்கோப் திரும்புவதை அளக்கும், ஜீபீஎஸ் இடத்தைச் சொல்லும். போன் பொக்கெட்டில் சரிந்து கிடந்தாலும் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக் கீழ்ப்பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். 2008இலேயே பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆட்கள் போனை வைத்தே குழி, பிரேக், ஹோர்ன் சத்தம் எல்லாவற்றையும் பிடித்துக் காட்டினார்கள்.

ஒவ்வொரு செக்கனிலும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வீதம் இறங்கினால் அதைக் கடும் பிரேக் என்று கணக்கெடுப்பது வழக்கம். 50இல் போகும் கார் ஐந்து செக்கனுக்குள் நிற்பது அந்த அளவுதான். சரி, கல்முனை வீதியில் அந்தி நேரம் மாடு குறுக்கே வந்தால்? நல்ல சாரதியும் அப்படித்தான் பிடிப்பார். அதற்காக அவருக்குப் புள்ளி குறைப்பது அநியாயம்.

பார்க்க வேண்டியது பிரேக்குக்கு முந்திய மூன்று நான்கு செக்கன். கவனமான ஆள் மாட்டைத் தூரத்தில் கண்டதுமே அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவார். வேகக் கோடு முதலில் மெல்லச் சரியும், அப்புறம்தான் விழும். பராக்குப் பார்த்து ஓடுகிறவருடைய கோடு சமனாகவே வந்து சட்டென்று விழும். அதற்குச் சற்று முன் ஜைரோஸ்கோப்பில் சுழற்சி தெரிந்து, ஜீபீஎஸ்ஸில் வண்டியின் திசை மாறாமல் இருந்தால், போனைக் கையில் எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்க இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரியவில்லை.

பாடசாலையடி வேகத்தடையும் நல்ல பரீட்சை. முன்சில்லு ஏறும்போது ஒரு குலுக்கு, பின்சில்லுக்கு இன்னொன்று. இடைவெளி அரைச் செக்கன் என்றால் கார் 20 கிலோமீட்டருக்குக் கிட்ட ஏறியிருக்கிறது. எல்லாரும் அதே இடத்தைக் கடப்பதால் ஒப்பிடுவதும் நியாயமாக இருக்கும். ஆட்டோவில் இஞ்சின் அதிர்வே பதிவை நிறைத்துவிடும், அதை முதலில் வடிகட்ட வேண்டும்.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற தம்பி தங்கைகள் இதை ப்ரொஜெக்டாக எடுத்தால், ஒரே பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் ஒரு பாதியில் மொடலை (பதிவுகளைப் பார்த்துக் கணிக்கப் பழகும் கணினி நிரலை) பயிற்றி, மறு பாதியில் சோதிக்காதீர்கள். மொடல் அந்த ஆளை மனப்பாடம் செய்துவிடும், துல்லியமும் பொய்யாக ஏறிக் காட்டும். அது முன்பின் காணாத சாரதியிடம் சோதியுங்கள். பதிவு செய்ய முன்னம் சம்மதமும் வாங்குங்கள். ஜீபீஎஸ் கோடு ஒருவருடைய வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.