பனிக்குளிருக்கு வயிற்றுக்குப் பாரமில்லாத சூப் வீட்டில் எப்படிச் செய்யலாம்?

கனடாவில் முதல் பனிக்காலம், கடைச் சூப் ஒத்துவரவில்லை, ஊர் முறையில் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் போன பிள்ளை, வேலை முடிந்து வந்தால் சமைக்கத் தெம்பு இருக்காது என்று நினைத்தே முருங்கையிலைக் கஞ்சியைப் பற்றி எழுதுகிறேன். கீழே ஒருவர் "வன்னி ஆட்களுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்" என்று எழுதியிருக்கிறார். நானும் வன்னி ஆள்தான், அதைப் பார்த்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை.

2022 மார்கழியில் மாண்டஸ் புயல் வங்கக் கடலால் போனபோது எங்கள் வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாடுகள் குளிரில் விறைத்து நூற்றுக்கணக்கில் செத்தன. எங்கள் பட்டியிலும் கறவை மாடும் கன்றும் போய்விட்டன. நட்ட ஈட்டுக்குப் படிவம் கொடுத்துவிட்டு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். படம் எடுத்தீர்களா என்று கேட்டார்கள். கொட்டுகிற மழையில், கரண்டும் இல்லாமல், செத்த மாட்டைப் படம் பிடித்துக்கொண்டா நிற்பது? சரி, அது வேறு கதை.

அந்த நாட்களில் எங்கள் அடுப்பில் ஏறியது முருங்கையிலைக் கஞ்சி. ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தது. மாமிக்கு நெஞ்சுச்சளி, சோறு இறங்கவில்லை. இதை மட்டும் கேட்டுக் கேட்டுக் குடித்தார். மருந்து என்று சொல்லவரவில்லை, வைத்தியம் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

நாலு பேருக்கு அரைச் சுண்டு (அரிசி அளக்கிற சிறிய பேணி) சிவப்புப் பச்சையரிசி போதும். குறுணலாக உடைத்து, ஆறு கோப்பை தண்ணீரில் உள்ளிப்பூண்டும் தட்டின இஞ்சியும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அப்புறம் கப்பிப்பால் (முதற்பால் எடுத்த பிறகு பிழிகிற தண்ணித் தேங்காய்ப்பால்) ஒரு கோப்பை, உப்பு, இடித்த மிளகு. டின் தேங்காய்ப்பால் என்றால் நன்றாகத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். முதற்பால் விட்டால் பாரமில்லாதது என்று கேட்டதில் அர்த்தமில்லை. இரண்டு கைபிடி இலையை அரைத்து வடித்த சாற்றைக் கடைசியில்தான் விடவேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். நின்று கொதித்தால் பச்சை நிறம் மங்கி மண்நிறமாகிவிடும், மணமும் கெட்டுவிடும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பது எங்கள் வழக்கம்.

இது சிங்களவருடைய இலைக்கஞ்சியான கொலகந்த அல்லவா என்று யாராவது கேட்கலாம். அவர்களும் குடிக்கிறார்கள், நாங்களும் குடிக்கிறோம். ஒடியற்கூழை (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ்) ஏன் விட்டாய் என்று யாழ்ப்பாணத்தார் கோபிக்கவேண்டாம். நண்டு, மீன், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, ஆட்கள் கூடியிருந்து குடிக்கிற சாமான் அது. வேலை முடிந்து வந்து தனியாளாக யார் நண்டு உடைப்பது?

முருங்கையிலை அகப்படாவிட்டால் ஸ்பினாச்சைப் பொடியாக வெட்டிப் போடுங்கள், அரைக்கத் தேவையில்லை. லீக்ஸ், கரட் போட்ட சூப்பும் கேட்டிருந்தீர்கள். நுவரெலியாவில் இருந்து லீக்ஸ் இங்கே வந்து சேரும்போது சொல்கிற விலைக்கு நான் அதை வாங்குவதே இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.