சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குப் போகும்போது மதுபோத்தல் எவ்வளவு கொண்டுபோகலாம்? திரும்பும்போது எவ்வளவு?

கேட்டவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர். பெரியவர்கள் நாலு பேரும் 19 வயதுப் பையனும் சிங்கப்பூரில் விமானம் மாறிச் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில், தீர்வையில்லாமல் விற்கும் டியூட்டி ஃபிரீ கடையில் விஸ்கி வாங்கலாமா, திரும்பும்போது எவ்வளவு கொண்டுவரலாம், ஊர்க் கள் ஒரு போத்தல் எடுத்துப்போக முடியுமா என்பது கேள்வி. "ஒருத்தருக்கு அஞ்சு லிட்டர் விடுவாங்க" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் சொன்ன அஞ்சு லிட்டர் விமானத்துக்கான கணக்கு. மது எளிதில் தீப்பற்றும் என்பதால் வந்த விதி அது. 24 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ளதை ஓர் ஆள் மொத்தம் 5 லிட்டர் வரை கொண்டுபோகலாம், அதுவும் கடையில் விற்ற மூடிய போத்தலாக இருக்க வேண்டும். விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் 40 விழுக்காட்டைச் சுற்றி இருப்பதால் இதில் அடங்கும். பீர், வைன் போன்றவை 24க்குக் கீழே. அவற்றுக்கு இந்த 5 லிட்டர் வரம்பு இல்லை, பெட்டியின் எடைதான் வரம்பு. 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டதைக் கைப்பையிலும் வைக்க முடியாது, பெரிய பெட்டியிலும் வைக்க முடியாது. ஸ்ட்ரோ 80 என்ற ஆஸ்திரிய ரம் அப்படிப்பட்டது. லேபிளில் அமெரிக்க 'ப்ரூஃப்' எண் மட்டும் இருந்தால் அதைப் பாதியாக்குங்கள்: 140 ப்ரூஃப் என்றால் 70 விழுக்காடு.

இறங்கும் நாட்டுச் சுங்கத்துறைக்கு இந்த 5 லிட்டரோடு சம்பந்தமே இல்லை. இந்தியாவில் தீர்வை இல்லாமல் விடுவது ஓர் ஆளுக்கு 2 லிட்டர்; விஸ்கி, வைன், பீர் எல்லாம் சேர்ந்தே 2 லிட்டர். ஒரு லிட்டர் போத்தல் இரண்டு என்றால் கணக்கு சரி. 750 மில்லி போத்தல் மூன்று வாங்கினால் 2.25 லிட்டர் ஆகிவிடும், கூடுதலுக்குத் தீர்வை கட்ட வேண்டும். அதனால் டியூட்டி ஃபிரீயில் ஒரு லிட்டர் போத்தலாகவே கேட்டு வாங்குங்கள். உங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 8 லிட்டர் வரும். ஆனால் அவரவர் பங்கை அவரவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டையும் ஒருவர் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு போனால் அந்த ஒருவருடைய சரக்காகத்தான் பார்ப்பார்கள். பையனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மலேசியாவில் 1 டிசம்பர் 2017 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது.

சிங்கப்பூரில்தான் நிறையப் பேர் போத்தலை இழக்கிறார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பாதி காலியான போத்தலில் 100 மில்லிதான் மீதம் என்றாலும் செல்லாது, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது போத்தலின் கொள்ளளவு. டியூட்டி ஃபிரீ போத்தலுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட தடித்த, தெளிவான பையில் கடைக்காரரே அதை வைத்து, ரசீது வெளியே தெரியும்படி ஒட்டி மூடித் தருவார். சென்னையில் வெளியே வரும்வரை அந்தப் பையைத் திறக்கவே கூடாது. சாக்லேட்டை உள்ளே திணிக்க ஓரத்தைக் கிழித்தாலும் சிங்கப்பூர்ச் சோதனையில் போத்தல் போய்விடும். கல்லாவில் காசு கட்டும்போதே "சிங்கப்பூரில் மாறிச் சென்னைக்கு" என்று சொல்லிவிடுங்கள், அதற்கேற்பப் பை போடுவார்கள்.

இதெல்லாம் ஒரே டிக்கெட்டில் இரண்டு பயணமும் இருந்தால் பொருந்தும். மலிவு விலைக்காகத் தனித்தனி டிக்கெட் எடுத்துச் சிங்கப்பூரில் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டியிருந்தால் கதை வேறு. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்குச் சிங்கப்பூர் மதுவில் எந்தச் சலுகையும் தருவதில்லை, முதல் சொட்டிலிருந்தே தீர்வை. 40 விழுக்காடு விஸ்கி ஒரு லிட்டருக்குச் சுமார் 35 சிங்கப்பூர் வெள்ளி, அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. தீர்வை கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்புப் பாதையில் அறிவிக்காமல், எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சைப் பாதையில் போனால் அபராதம். ஆகவே தனித்தனி டிக்கெட் என்றால் கே.எல்.ஐ.ஏ.வில் வாங்கவே வேண்டாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சென்னை விமானத்துக்கான குடிநுழைவைத் தாண்டிய பிறகு வாங்குங்கள். ஈப்போவிலிருந்து சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்களுக்கு ஒரு போத்தல் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் இதே விதிதான்.

சென்னையில் இறங்கும் இடத்திலேயே டியூட்டி ஃபிரீ கடை இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பிராண்டுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அங்கே வாங்குவதே மேல். விமானம் மாறும் தலைவலி இல்லை, மலிவு விமானங்கள் கைப்பையை 7 கிலோவுக்கு நிறுத்துப் பார்க்கும் கவலையும் இல்லை. அங்கே வாங்குவதும் அந்த 2 லிட்டருக்குள்தான். அங்கிருந்து மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ உள்நாட்டு விமானம் ஏறுவதானால், பெட்டியைக் கையில் வாங்கியதும் போத்தலைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டு மறுபடி செக்-இன் செய்யுங்கள். குஜராத்தும் பீகாரும் மதுவிலக்கு மாநிலங்கள், அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

பெரிய பெட்டியில் வைப்பவர்கள் பயப்படுவது காற்றழுத்தத்துக்கு. சரக்கு அறையிலும் பயணிகள் பகுதியைப் போலவே அழுத்தம் பராமரிக்கப்படுவதால் சீல் உடையாத போத்தல் அதனால் வெடிக்காது. பெட்டி விழும்போதும் இன்னொரு பெட்டி மேலே விழும்போதும்தான் போத்தல் உடைகிறது. மூடியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் இறுக்கி மூடும் பை, அதற்கு மேல் துண்டு அல்லது கைலி. பெட்டியின் நடுவில், எந்தப் பக்கச் சுவரிலும் படாமல், இரண்டு போத்தல் ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். திறந்த போத்தல் ஒழுகும்: உள்ளே இருக்கும் காற்று மேலே போகும்போது விரிந்து, சாராயத்தை மூடி வழியாகத் தள்ளும். ஒரு லிட்டர் விஸ்கி கண்ணாடியோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும், கிலோ கணக்கில் இடத்தை ஒதுக்கிவிட்டுப் பட்டுப்புடவைகளை அடுக்குங்கள்.

கள்ளை எடுத்துப்போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆல்கஹால் குறைவு என்பதால் தீப்பற்றும் விதியில் அது சிக்காது. ஆனால் இறக்கிய கள் புளித்துக்கொண்டே இருக்கும், வாயு வந்துகொண்டே இருக்கும். இறுக்கி மூடினால் போத்தல் வெடிக்கும், தளர்த்தி மூடினால் புடவையெல்லாம் நாறும். போய்ச் சேரும்போது அது பாதி காடியாகவும் ஆகியிருக்கும். ஊர்க் கள்ளைச் சொந்தக்காரர்கள் இங்கே வரும்போது குடிக்கட்டும்.

திரும்பும்போது மலேசியாவின் அளவு இன்னும் சிறியது: ஓர் ஆளுக்கு எல்லா வகையும் சேர்த்து 1 லிட்டர். 700 மில்லி போத்தல் இரண்டு என்றாலே 1.4 லிட்டர், மீறிவிட்டீர்கள். கூடுதலாக இருந்தால் சிவப்புப் பாதையில் போய்த் தீர்வை கட்டுங்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு இந்த 1 லிட்டர் விலக்கும் கிடையாது.

இன்னொருவர் கட்டிக்கொடுத்த போத்தலை, அவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, போதைப்பொருள் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது கொண்டுவந்தவர். கொண்டுவந்ததைப் பக்கத்துக் கடைக்கு விற்பதும் கூடாது: மலேசியாவில் விற்பனைக்குரிய போத்தலில் வரி செலுத்திய ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும், விற்க உரிமமும் வேண்டும். டியூட்டி ஃபிரீ போத்தலில் அந்த ஸ்டாம்ப் இருக்காது. சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான், மாட்டிக்கொள்வது கடைக்காரரும் விற்றவரும் இருவருமே.