கேள்வி – பதில்: பி40 ஒரு வர்க்கமா?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர், தோட்டக் கிராணி (கணக்கர்), சொந்த லோரியில் குலை ஏற்றுபவர் மூவருமே பி40. மார்க்சியக் கணக்கில் மூவரும் ஒரே வர்க்கம்தானே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. பி40 என்பது மலேசியாவில் வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்; அது வெறும் வருமான வரிசை. 2022 கணக்கெடுப்பில் மாதம் 5,250 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறைவான வருமானமுள்ள குடும்பங்கள் அதில் அடங்கின. மகள் வேலைக்குப் போனால் குடும்பம் நடு 40 விழுக்காடான எம்40-க்கு ஏறிவிடலாம். அப்பா வெட்டும் மரம் அப்போதும் கம்பெனியுடையதுதான்.

வருமானத்தை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: நிலமும் ஆலையும் வண்டியும் யாருடையவை? இவர் தம் உழைப்புச் சக்தியை விற்கிறாரா, பிறருடையதை வாங்குகிறாரா? பிறர் வேலையை மேய்க்கிறாரா? குலை வெட்டுபவர் அரிவாளைச் சொந்தமாக வைத்திருந்தாலும் தொழிலாளிதான். லோரிக்காரர் தாமே ஓட்டும்வரை சிறுவுடைமையாளர். இன்னொரு லோரி வாங்கிச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் முதலாளி பக்கம் நகர்கிறார். ஆனால் லோரி வங்கிக் கடனில், வேலை தருவதோ ஒரே ஆலை என்றால், அந்த உடைமை பாதி பெயரளவில்தான். பலர் தடுமாறுவது இங்கேதான்.

கிராணி இன்னும் சிக்கல். அவரும் சம்பளக்காரர், ஆனால் மற்றவர் உழைப்பை அளந்து எழுதுவது அவர் கை. அமெரிக்க மார்க்சியச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட் இதை ‘முரண்பட்ட வர்க்க இருப்பிடம்’ என்றார். 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், துரை (வெள்ளைக்கார மேலாளர்) முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காத உரிமை ஆகியவற்றோடு, கொடுமைக்காரச் சிப்பந்திகளை நீக்கும் கோரிக்கையும் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

மார்க்ஸே சூத்திரம் எதுவும் எழுதி வைக்கவில்லை. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் 52-ஆம் அத்தியாயம், ‘வர்க்கங்கள்’, தொடங்கிய வேகத்தில் நின்றுவிடுகிறது. வருமான மூலத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் மருத்துவரும் அதிகாரியும்கூடத் தனித்தனி வர்க்கமாகிவிடுவார்களே என்று கேட்கும் இடத்தில்தான் கைப்பிரதி அறுபடுகிறது.

கேள்வி: பி40 என்றால் உதவித்தொகையாவது வருகிறது. வர்க்கம் பேசி என்ன பயன்?
– வாசகி, தாப்பா

பதில்: உதவித்தொகையை அரசிடம் கேட்கிறோம். சம்பளத்தை யாரிடம் கேட்பது என்பதை பி40 சொல்லாது. ஒரே நிரையில் ஒருவர் கம்பெனி ஆள், அடுத்தவர் காண்டிராக்டர் அழைத்துவந்த வங்காளதேசி. வேலை ஒன்று, ஆனால் தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாமவரைத் தொடாது. அவரை மலிவாக வைத்திருக்க முடிகிறவரை முதலாமவரின் சம்பளப் பேச்சும் வலுவிழக்கும். ஆகவே சங்கம் முதலில் கேட்க வேண்டியது, காண்டிராக்டர் ஆட்களுக்கும் குலைக்கு அதே கூலி.