யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு அன்றைக்கு எவ்வளவு பெறும்?

இயேசுவைக் காட்டிக்கொடுக்க அவருடைய சீடன் யூதாஸ் வாங்கிய முப்பது காசு பெரிய பணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில மாதச் சாப்பாட்டுக்குக் காணும், அவ்வளவுதான்.

நான்கு நற்செய்தி நூல்களில் தொகையைச் சொல்வது மத்தேயு மட்டுமே. எருசலேம் ஆலய வரிக்கு அன்று செலுத்தியது தீரு நகரத்து வெள்ளிச் சேக்கல் என்ற காசு. யூதாஸுக்குக் கிடைத்ததும் அதுவே என்பது பலர் கருத்து. ஒரு காசு சுமார் 14 கிராம். ஒரு பக்கம் மெல்கார்ட் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. ஒரு சேக்கல் ஏறக்குறைய நான்கு நாள் கூலி. ஆக, முப்பது காசு நான்கு மாதக் கூலி.

ஆனால் மத்தேயுவின் மனதில் இருந்தது வேறு கணக்கு என்று நினைக்கிறேன். பழைய ஏற்பாட்டின் யாத்திராகமம் 21:32-இன்படி, மாடு முட்டிச் செத்த அடிமைக்காக எஜமானுக்குத் தரவேண்டிய ஈடு முப்பது சேக்கல். அதிலேயே சகரியா நூலின் 11-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பனுக்குக் கூலியாக நிறுத்துக் கொடுத்ததும் அதே முப்பது. அவன் அதை ஆலயத்தில் எறிந்துவிடுகிறான். யூதாஸும் எறிகிறான். ஆண்டவருக்கு ஓர் அடிமையின் விலை! படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

சரி, ஊரறிந்தவரைப் பிடிக்க ஆள்காட்டி எதற்கு? யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு எருசலேமில் கூட்டம் நிரம்பி வழியும். பகலில் கைவைத்தால் கலகம் வெடிக்கும் என்று பிரதான ஆசாரியன் காய்பாவின் தரப்பு பயந்தது. இரவில், ஒலிவமலை இருட்டில், ஆள் மாறாமல் பிடிக்க கூடவே இருந்த ஒருவன் தேவைப்பட்டான்.